குழந்தை தானாகப் பேசும் என்று காத்திராதீர்கள்

அரூர் நகரிலிருந்தும், தீர்த்தமலை வழிக் கிராமங்களிலிருந்தும், சித்தேரி மலையிலிருந்தும் மருத்துவரான என்னிடம் தூக்கி வரப்படும் குழந்தைகளுள், "மூன்றரை வயதாகிறது, இன்னும் வாய் திறக்கவில்லை" என்றும், "எதற்கெடுத்தாலும் தரையில் விழுந்து புரளுகிறான்" என்றும் முறையிடப்படுவோர், கொரோனா ஊரடங்குக்குப் பிந்தைய ஆண்டுகளில் காய்ச்சல்காரர்களுக்கு நிகராகப் பெருகி வருவதைக் காண்கிறேன். இக்குழந்தைகளிற் பெரும்பாலோருக்கு உதவ வழி உண்டு; ஆனால் அந்த வழி ஒன்றரை வயதில் விசாலமாக இருந்து, நான்கு வயதுக்குள் குறுகிவிடுகிறது என்பதைப் பெற்றோர் அறியாதிருப்பதே என் மனத்தை வருத்தும் விஷயம்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தை, ஒன்றரை வயதிலும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமலும் ஒரு சொல்லேனும் அர்த்தத்தோடு சொல்லாமலும் இருக்கும் குழந்தை, இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் தா" என்று இரு சொற்களைச் சேர்க்காத குழந்தை, முன்பு பேசிய சொற்களை இழந்துவிட்ட குழந்தை ஆகிய இவர்களை அந்த வாரமே வைத்தியரிடம் காட்ட வேண்டும். "அவன் அப்பாவே நாலு வயதில்தான் பேசினாராம்" என்பதும், "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்பதும் அன்பினால் சொல்லப்படும் ஆறுதல்களே எனினும், அவற்றை நம்பிக் கழிந்த மாதங்கள் திரும்பி வருவதில்லை.

வசம்பும், தேனும், டானிக்கும்

நாக்குத் தடித்திருப்பதாக எண்ணி வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவுவது இப்பக்கத்தில் இன்றும் வழக்கம். பேச்சு நாவிலே பிறப்பதன்று. காது கேட்டு, மனம் கிரகித்து, அதன்பின்னரே நா அசைகிறது. ஆகையால் நாவைத் தேய்ப்பதனால் பேச்சு வராது என்பதோடு, தடவும் கரைசல் சிசுவின் மூச்சுக்குழலில் இறங்கி விபரீதம் விளையவும் கூடும். தேனோ, ஒரு வயது நிறையாத குழந்தைக்கு, பொட்டுலிசம் என்னும், தசைகளைத் தளர்த்தி மூச்சையே தடுக்கவல்ல நச்சு நோயைத் தரக்கூடியது. நாவின் அடிநார் ஒட்டியிருப்பது சில எழுத்துகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாமேயன்றி, பேச்சே வராதிருப்பதற்குக் காரணமாகாது. அதை யாரோ ஒருவர் கையால் அறுத்துவிட, குருதி பெருகிய பின் ஓடி வருவதை நான் எவ்விதம் சகிப்பேன்?

இவற்றிலும் கொடியது மெடிக்கலில் கேட்டு வாங்கும் பழக்கம். "ஞாபக சக்திக்கு", "பேச்சு வர" என்று விற்கப்படும் டானிக்குகளால் ஒரு சொல்லும் பிறந்ததை நான் கண்டதில்லை. குறும்பு செய்யும் குழந்தை அடங்கியிருக்கட்டும் என்று, தூக்கத்தை உண்டாக்கும் சளி மருந்தை மாலைதோறும் புகட்டுகிறார்கள். தூங்கிக் கிடக்கும் குழந்தை நல்ல குழந்தையன்று. அது மருந்தினால் மயங்கிய குழந்தை. தயவுசெய்து இதை இன்றே நிறுத்துங்கள்.

செல்போன் ஊட்டும் சோறு

என் அறைச் சுவரில் ஒரு பசுவின் படம் உண்டு. அதைக் கண்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, கட்டைவிரலால் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, அது நகராதது கண்டு வீறிட்டது. பசு என்று காட்டிச் சொல்ல ஒருவரும் இல்லாத குழந்தைக்குப் படம் என்பது தள்ளினால் ஓடும் ஒன்றாகிவிட்டது. "செல்லு இருந்தால்தான் சாப்பிடுவான்" என்பவர்கள், வாய் மெல்லும் வேளையில் காதில் விழவேண்டிய தாயின் பேச்சைப் பறிகொடுக்கிறார்கள். ஆங்கிலப் பாட்டை முழுதும் ஒப்பிக்கிறதே என்று பெருமைப்படும் குழந்தை, தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் அழுவதையும் காண்கிறேன்.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நெறிமுறை, இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் ஐந்து வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்றும் கூறி, உறவினரோடு எப்போதாவது முகம் பார்த்துப் பேசும் அழைப்புக்கு மட்டும் விலக்களிக்கிறது. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப்போன தாய்தந்தையர் தம் பிள்ளையோடு அவ்விதம் தாராளமாகப் பேசட்டும். ஆனால் அதன்பின் போனைப் பாட்டி வாங்கி வைத்துவிட வேண்டும்.

அடியும் பூச்சாண்டியும்

அடியாத மாடு படியாது என்னும் பழமொழியைக் குழந்தைக்குப் பொருத்துவது அநியாயம். அடிபட்ட குழந்தை கற்றுக்கொள்வது, வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதையே. "பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்", "டாக்டர் ஊசி போடுவார்" என்று மிரட்டி வளர்க்கப்பட்ட குழந்தை, பிற்பாடு உண்மையான நோயில் என் கையைக் கண்டே நடுங்குகிறது. அடம்பிடிக்கும்போது கேட்டதைக் கொடுத்து, அமைதியாக விளையாடும்போது திரும்பியும் பாராதிருந்தால், அடமே பலனளிக்கும் என்று அது முடிவு செய்யாதோ? அழுகை ஓயும்வரை அருகில் பொறுமையோடு இருந்து, கேட்டதைத் தராமல், ஓய்ந்தபின் அணைத்துக்கொண்டு, நல்ல செயலைக் கண்ட கணமே "தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தாயே, நல்ல காரியம்" என்று அச்செயலைக் குறிப்பிட்டுப் பாராட்டுவதே வழி. பாட்டி ஒரு நியதியும் தாய் வேறொரு நியதியும் வைக்கலாகாது.

பரிசோதனைகள்

பேச்சு வராத குழந்தையை அழைத்து வந்தால், முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்போம்; பிறகு இரத்தசோகையும் தைராய்டுக் குறையும் உண்டா என்று சோதிப்போம்; தேவையானால் வளர்ச்சி மதிப்பீடும் செய்வோம்.

பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம்

காதை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு; நெருங்கிய உறவில் மணம் முடித்த குடும்பங்களில் பிறவிக் கேட்புக் குறை மிகுதி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செவிக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை 6 வயதுக்குட்பட்டோருக்கே கிடைக்கும் என்பதை மறவாதீர்கள். 2013 முதல் நடக்கும் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை பால்வாடிக்கு வருகிறது; அன்று குழந்தையை வீட்டில் நிறுத்தாதீர்கள். இரண்டு வயது முடிந்ததும் பால்வாடிக்கு அனுப்புங்கள். அங்கே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டமே உண்டு.

1939இல் அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்நாட்டில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையார், நீர் ஊற்றுவதும் துணி மடிப்பதும் பொருள் பிரிப்பதுமாகிய அன்றாடக் காரியங்களையே குழந்தைக் கல்வியின் அங்கமாக்கினார். அதற்கு நம் வீட்டில் என்ன குறை? திண்ணையில் புளி தட்டும் பாட்டி, மூன்று வயது கடந்த பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாயில் போட்டுக்கொள்ளாதபடி கண்காணித்து, கொட்டையை ஒரு கிண்ணத்திலும் நாரை இன்னொன்றிலும் இடச்சொல்லி, ஒன்று இரண்டு என்று எண்ணிக் காட்டினால் அதுவே பாடம்.

தாய்மார்களே, தாத்தா பாட்டிமார்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் குழந்தையின் முகம் பார்த்துப் பேசுங்கள். அது ஒலி எழுப்பினால் பதில் சொல்லுங்கள். இரவில் ஒரு கதையேனும் சொல்லுங்கள். ஐயம் தோன்றினால், மெடிக்கலுக்குப் போகாமல், அடுத்த பிறந்தநாள் வரட்டும் என்று பாராமல், அழைத்து வாருங்கள். ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவதைப்போல எனக்கு மகிழ்ச்சி தருவது வேறில்லை.