ஒரே தடத்தில் இரு சிறுநகரங்கள்

மாநகரில் பணிபுரிவோர் அனைவரும் மாநகரிலேயே குடியிருப்பதில்லை. மும்பையில் வீட்டின் விலையும் வாடகையும் மிகுதி. ஆதலால் பல குடும்பங்கள் தொலைவிலுள்ள சிறுநகரங்களில் குடியமர்கின்றன. அங்குள்ளோர் நாள்தோறும் மின்தொடர்வண்டியில் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். இவ்வாறு குடிபெயர விரும்பும் ஒரு குடும்பம் இரண்டு ஊர்களை எவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்? பத்லாபூர், கர்ஜத் ஆகிய இரு ஊர்களைக் கொண்டு இதனை அறியலாம்.

இந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1853ஆம் ஆண்டு மும்பையிலிருந்து தாணேவிற்கு ஓடியது. பின்னர் நீட்டிக்கப்பட்ட அப்பாதை, கல்யாண் என்னுமிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிழக்கே செல்லும் கிளையில் இவ்விரு ஊர்களும் அமைந்துள்ளன. மும்பை சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து பத்லாபூர் ஏறத்தாழ 68 கிலோமீட்டர் தொலைவிலும், கர்ஜத் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. தாணே மாவட்டத்தைச் சேர்ந்த பத்லாபூரில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1.74 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். கர்ஜத் இராய்கட் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிறிய ஊர். போர்காட் மலைப்பாதையில் ஏறும் தொடர்வண்டிகளுக்கு இங்குதான் துணை எஞ்சின்கள் இணைக்கப்படுகின்றன.

முதலில் நேரத்தைக் கணக்கிட வேண்டும். பத்லாபூரைக் காட்டிலும் கர்ஜத்திலிருந்து மும்பை செல்ல ஏறத்தாழ அரை மணி நேரம் கூடுதலாகும். போகவும் வரவும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். மாதம் 25 வேலை நாள்கள் எனில் 25 மணி நேரம். அஃதாவது, மாதந்தோறும் ஒரு முழுநாளுக்கும் மேலான நேரம் பயணத்தில் கழிகிறது. மாலையில் குழந்தையின் பாடத்தைக் கேட்கவும், முதியோருடன் உரையாடவும் பயன்படக்கூடிய நேரம் அது.

ஆயினும், நேரத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. கர்ஜத்தில் புறப்படும் வண்டியில் அங்கு ஏறுவோர்க்கு அமர இடம் கிடைக்கும். அவ்வண்டி பத்லாபூரை அடையும்போது நெரிசல் மிகுந்திருக்கும். எனினும், பத்லாபூரிலிருந்தே புறப்படும் வண்டிகளும் உண்டு. ஆதலால் அங்கு வண்டிகளின் எண்ணிக்கை அதிகம். கர்ஜத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க நேரிடும்.

அடுத்ததாகச் செலவையும் வசதியையும் நோக்க வேண்டும். பொதுவாக மாநகரிலிருந்து விலக விலக வீட்டின் விலை குறையும். ஆனால் தொலைவுக்கேற்ப மாதப் பயணச்சீட்டின் கட்டணம் கூடும். பெரிய ஊரில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் மிகுதியாக இருக்கும். சிறிய ஊரில் திறந்தவெளியும் அமைதியும் கிடைக்கும்.

மழைக்காலத்தையும் மறத்தலாகாது. இரு ஊர்களும் உல்லாஸ் ஆற்றை ஒட்டியவை. 2019ஆம் ஆண்டு சூலை மாதம் இவ்வாறு பெருக்கெடுத்தபோது, பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி விரைவுவண்டி வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது. அதிலிருந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட பயணிகள் மீட்கப்பட்டனர். எனவே, வீடு மேட்டில் உள்ளதா, தாழ்வான நிலத்தில் உள்ளதா என்று உசாவி அறிதல் இன்றியமையாதது. தடம் வெள்ளத்தில் மூழ்கினால் இரு ஊராரின் மும்பைப் பயணமும் தடைபடலாம்.

நாள்தோறும் பயணம் செய்பவர்க்குப் பத்லாபூர் ஏற்றதாகலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் செல்பவர்க்குக் கர்ஜத் பொருந்தலாம். வேலை நாளின் காலையில் ஒருமுறையும், பெருமழை நாளில் ஒருமுறையும் இரு ஊர்களுக்கும் சென்று பார்த்தபின், வீட்டிலுள்ள அனைவரையும் கலந்து முடிவெடுப்பதே நன்று. பயணம் செய்பவர் ஒருவரே ஆயினும், அவர் வரவுக்குக் காத்திருப்போர் பலர் அல்லவா?