திரையில் மருத்துவர்: கதவு எல்லாருக்கும் திறக்கிறதா?

கைப்பேசியில் ஒரு செயலியைத் தட்டினால் போதும், மருத்துவர் திரையில் வந்துவிடுவார். கொவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டு முதல் இந்தத் தொலைமருத்துவம் உலகெங்கும் வேகமாக வளர்ந்துள்ளது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இது பெரிய உதவி. படிக்கட்டும் இல்லை, பேருந்துக்குக் காத்திருப்பதும் இல்லை. ஆனால், கண் தெரியாத ஒருவர் அந்தச் செயலியை எப்படித் திறப்பார்? காது கேளாத ஒருவர் மருத்துவரிடம் எப்படிப் பேசுவார்?

உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், மாற்றுத் திறனாளிகள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எனவே இது ஒரு சிலரின் பிரச்சினை அல்ல.

பெயரில்லாத பொத்தான்

பார்வையற்றோர் பலர் திரைவாசிப்பான் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அது பெரும்பாலும், செயலியின் நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கும் பெயரைத்தான் உரக்கப் படிக்கிறது. பொத்தானின் மேல் கேமரா படம் இருந்தால் நமக்குப் புரிந்துவிடும். ஆனால் நிரலர் அதற்குப் பெயர் எழுதவில்லை என்றால், திரைவாசிப்பான் "பொத்தான்" என்று மட்டுமே சொல்லும். மூன்று பொத்தான்களும் அப்படியே ஒலித்தால், மருத்துவரை அழைப்பது எது, அழைப்பைத் துண்டிப்பது எது?

மங்கலான பார்வை உள்ளவர்களுக்கு நிற வேறுபாடு முக்கியம். இதை ஒரு கணக்கால் அளக்கலாம். ஒளிர்வு அளவில் வெள்ளை 1, கருப்பு 0. இரண்டோடும் 0.05ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். 1.05 ÷ 0.05 = 21. ஆகவே வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்தின் விகிதம் 21:1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது அனைத்துலக இணைய அணுகல் வழிகாட்டி. அழகுக்காக வெளிர்சாம்பல் நிறத்தில் அச்சிடப்படும் மருந்தளவு இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

விரல்கள் பேசும்போது

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காது கேளாதோருக்குத் தனித்தனிச் சைகை மொழிகள் உள்ளன. காணொளியில் சைகை தெளிவாகத் தெரிய, வினாடிக்குக் குறைந்தது 20 படங்களாவது ஓட வேண்டும். இணைய வேகம் குறைந்தால் படங்களின் எண்ணிக்கையும் குறையும். அப்போது விரல் அசைவுகள் குழம்பிப்போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல காணொளிச் செயலிகள் ஒலி எழுப்புபவரையே பெரிதாகக் காட்டும். சைகையில் பேசுபவரிடமிருந்து ஒலி வராது. அதனால் அவர் திரையின் மூலைக்குத் தள்ளப்படுகிறார்.

"வீட்டில் யாராவது மொழிபெயர்க்கலாமே?" என்று கேட்கலாம். உங்கள் நோயைப் பற்றிய எல்லாவற்றையும் அண்ணன் வழியாகத்தான் மருத்துவரிடம் சொல்ல முடியும் என்றால், உங்களுக்குச் சம்மதமா? தேர்ச்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் மூன்றாவது ஆளாக அழைப்பில் சேர வழி இருக்க வேண்டும். வசன வரிகளும் எழுத்து உரையாடலும் இருந்தால், பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அவை உதவும்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்குச் சிறிய பொத்தான்கள் எட்டாக்கனி. படிவத்தை அவர்கள் நிரப்பி முடிப்பதற்குள் "நேரம் முடிந்தது" என்று செயலி மூடிக்கொண்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேரத்தை நீட்டிக்க ஒரு பொத்தான் வைத்தாலே இது தீர்ந்துவிடும்.

சலுகை அல்ல, உரிமை

மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் ஏற்றுக்கொண்டன. அதன் 25ஆவது பிரிவு, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து, தொலைமருத்துவச் சேவைகளுக்கென ஓர் அணுகல் தரநிலையை வெளியிட்டன.

ஆனாலும், எவ்வளவு நல்ல செயலியும் எல்லாருக்கும் பொருந்தாது. நேரில் வர விரும்புபவருக்குக் கிளினிக்கின் கதவும் திறந்தே இருக்க வேண்டும். எந்த வழி என்பதை நோயாளி தேர்ந்தெடுக்கட்டும்.

செய்து பாருங்கள்

உங்கள் கைப்பேசியின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதிக்குச் சென்று திரைவாசிப்பானை இயக்குங்கள். அதை நிறுத்தும் முறையை முதலில் படித்துக்கொள்ளுங்கள்! பிறகு கண்களை மூடிக்கொண்டு, நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு செயலியைத் திறந்து பாருங்கள். எத்தனை பொத்தான்களுக்குப் பெயர் இல்லை? எண்ணி எழுதி, வகுப்பு நண்பர்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நாளை செயலி உருவாக்கப் போகிறவர்கள் உங்களுள்ளும் இருக்கலாம். அன்று அந்தப் பொத்தான்களுக்குப் பெயர் எழுத மறக்காதீர்கள்.