முந்தானையைச் செருகுங்கள், ஜாக்கெட்டை மாட்டுங்கள்!

பொங்கல் லீவில் குடும்பத்தோடு காரங்காடு போய் வந்தோம். ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிப் பக்கம் உள்ள கடலோரக் கிராமம் அது. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே படகுச் சவாரி நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்கு நடுவே போய், கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் சுற்றிக் காட்டுகிறார்கள்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளையே பார்த்து வளர்ந்த எங்க வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை! வெள்ளை வெளேரென்று கடற்காகங்கள். அம்பு மாதிரி தண்ணீரில் பாய்ந்து மீனைக் கவ்வும் ஆலாக்கள். லடாக், திபெத் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் நம்ம கடற்கரைக்கு வரும் கடற்காகங்களும் உண்டு.

ஆனால் தோழிகளே, நான் எழுத வந்தது லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி. ஏறும்போதே ஆளுக்கொன்று கொடுத்தார்கள். "புடவைக்கு மேல இதை எப்படிம்மா மாட்டுறது? பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று என் மாமியார் கூச்சப்பட்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, அதற்கு மேல் மாட்டி விட்டேன். ஒரு தொந்தரவும் இல்லை.

நடுவில் ஒரு பறவைக் கூட்டம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்தோம். "எந்திரிக்காதீங்கம்மா! போட்டை நானே திருப்புறேன், ரெண்டு பக்கத்துக்காரங்களும் பார்க்கலாம்" என்று அதட்டினார் படகுக்காரர். அவர் அதட்டியதில் நியாயம் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலிருக்கும் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணம் என்று அப்போது சொன்னார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டிலும் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். இரண்டு இடத்திலும் குழந்தை குட்டிகளோடு சந்தோஷமாகக் கிளம்பியவர்கள்தானே!

அதனால் எந்த ஊரில் படகு ஏறினாலும் மூன்று விஷயம் பாருங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று முதலிலேயே கேளுங்கள். குழந்தைகளுக்கு அவர்கள் அளவு ஜாக்கெட் இருக்கிறதா பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் தண்ணீரில் கழன்று போகும். பக்கிளையெல்லாம் நீங்களே மாட்டி, இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் இல்லை என்று சொன்னால், கொடுத்த காசு போனாலும் பரவாயில்லை, இறங்கி விடுங்கள். பறவைகள் அடுத்த வருஷமும் வரும்.

- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்.