காலையில முகம் உப்பியிருக்கா? தூக்கத்து மேல பழி போடாதீங்க!

"நைட் லேட்டா தூங்கினேன், அதான் முகம் உப்பியிருக்கு..." கண்ணாடி முன்னாடி நின்னு இப்படி உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லியிருக்கீங்களா? ஒருநாள்னா ஓகே. தினமும் கண்ணைச் சுத்தி வீக்கம், சாயங்காலமானா கணுக்காலும் வீங்கி செருப்பு இறுக்குதுன்னா, கிட்னியைச் சந்தேகப்படணும்.

"எனக்குத்தான் இடுப்பு வலியே இல்லையே?" என்று கேட்காதீங்க. உயிர்போகிற வலி கல் அடைச்சா வரும். நாள்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் வலிக்காது; பாதித் திறன் போன பிறகும் ஆள் சாதாரணமா நடமாடலாம்.

அடுத்து, யூரின்ல நுரை. வேகமா விழுறப்போ வர்ற நுரை சீக்கிரம் அடங்கிடும். சோப்புத் தண்ணி மாதிரி அடங்காம, அடிக்கடி வந்தா, ரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் கிட்னி வழியா கசியலாம். காரணமில்லாத சோர்வு, பசியின்மை, ராத்திரி அடிக்கடி யூரின் போறது... இதெல்லாமும் இருக்கலாம்.

உடனே கூகுளைத் திறக்க வேண்டாம். டாக்டரைப் பார்த்து பி.பி, ரத்தத்தில் கிரியேட்டினின், யூரின்ல ஆல்புமின் மூணையும் செக் பண்ணுங்க. கிரியேட்டினின் மட்டும் போதாது. ஆரம்பத்தில் அது நார்மலாவே இருக்கும். இ.ஜி.எஃப்.ஆர் அளவு 3 மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தா, அது நாள்பட்ட சிறுநீரக நோய். சுகர், பி.பி இருக்கிறவங்க அறிகுறியே இல்லைன்னாலும் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கணும்.

தலைவலி, முதுகுவலின்னு மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வாங்கி அடிக்கடி போடுற பழக்கம் இருந்தா, டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. யூரின் திடீர்னு குறைஞ்சாலோ, வீக்கத்தோட மூச்சு வாங்கினாலோ, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.