கூடத்திலிருந்து திரைக்கு

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், கோவிட்-19 பெருந்தொற்றைக் கட்டுப்படுத்த மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கெடா மாநிலத்தின் அலோர்ஸ்டார், சுங்கைப்பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களில் இயங்கிய உடற்பயிற்சிக் கூடங்களும் மூடப்பட்டன. நேரில் பயிற்சி அளித்து வந்த பயிற்றுநர்கள் பலர் இயங்கலைக்கு மாறினர். நாடெங்கும் தொடங்கிய இம்மாற்றம், கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னரும் முற்றாக மறையவில்லை.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நால்வரில் ஒருவருக்குப் போதிய உடலியக்கம் இருக்கவில்லை. பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், 5 முதல் 17 வயதுடையோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் ஈடுபட வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

ஆனால், பீடோங், பாடாங் செராய் போன்ற வட்டாரங்களின் தோட்டப்புறங்களில் வசிப்போர் பலருக்கு உடற்பயிற்சிக் கூடம் எட்டாத தூரத்தில் உள்ளது. சொந்த வாகனம் இல்லாதவர் நகரத்திற்குச் சென்று திரும்பவே நேரமும் பணமும் செலவாகும். விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்வோருக்கும், தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டில் பணியாற்றுவோருக்கும் கூடத்தின் வகுப்பு நேரம் ஒத்துவராது. இத்தகையோருக்கு இயங்கலைப் பயிற்சி கைகொடுக்கிறது. வீட்டின் முன்கூடமே பயிற்சிக் களமாகிறது, 1.5 லிட்டர் தண்ணீர் நிரம்பிய போத்தல் 1.5 கிலோகிராம் எடைக்கருவியாகிறது.

எனினும், திரைக்கு அப்பால் இருக்கும் பயிற்றுநரால் செய்ய இயலாதவை சில உண்டு. கூடத்தில் அவர் பயில்பவரைச் சுற்றி வந்து பார்ப்பார். குந்தி எழும்போது முழங்கால் உட்புறமாகச் சாய்ந்தாலோ முதுகு வளைந்தாலோ உடனே திருத்துவார். கைப்பேசியோ ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். இணைய இணைப்பு தடைப்பட்டால் அதுவும் மறைந்துவிடும். தவறான நிலையில் மீண்டும் மீண்டும் செய்யும் பயிற்சி மூட்டுகளையும் தசைகளையும் பாதிக்கும்.

எனவே, இயங்கலையில் பயில்பவர் தம் உடலைத் தாமே கவனிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். முழு உடலும் தெரியுமாறு கைப்பேசியைச் சற்றுத் தொலைவில் அசையாமல் நிறுத்த வேண்டும். ஒரே பயிற்சியை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காட்ட வேண்டும். பயிற்சியின் கடுமையை அறிய எளிய வழி ஒன்றுண்டு. பேச முடிந்து, பாட முடியாவிட்டால் அது மிதமான பயிற்சி. சில சொற்களுக்கு மேல் பேச இயலாமல் மூச்சு வாங்கினால் அது கடுமையான பயிற்சி. வலி எங்கே, எப்போது ஏற்படுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாத வலியைத் திரையில் காண முடியாது.

நீரிழிவு, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே தொடங்க வேண்டும். பயிற்சியின்போது வீட்டில் ஒருவர் உடனிருப்பது நல்லது. ஏனெனில், தலைசுற்றி விழுபவரைத் தாங்கிப் பிடிக்கப் பயிற்றுநர் அருகில் இல்லை. நெஞ்சு வலித்தால் பயிற்சியை உடனே நிறுத்தி, மருத்துவ உதவி நாட வேண்டும்.

வாய்ப்புள்ளவர்கள் தொடக்கப் பாடங்களை நேரில் கற்று, பின்னர் இயங்கலையில் தொடரலாம். இயங்கலைப் பயிற்சி தூரத்தைக் குறைத்துள்ளது. ஆனால், பயில்பவரின் பொறுப்பைக் கூட்டியுள்ளது. அப்பொறுப்பை ஏற்பவருக்குத் தோட்டத்து வீடும் நல்லதோர் உடற்பயிற்சிக் கூடமே.