வேலை போனதா? இ.எஸ்.ஐ. உதவித்தொகைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி, “படம் பார்ப்பதைத் தவிர இதில் வேறு என்ன உபயோகம்?” என்பதுதான். எனக்கு இதற்கான விடை 2023-ல், வேலை போன மாதத்தில் கிடைத்தது.

மதுரையை அடுத்த கப்பலூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் 6 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். ஆட்குறைப்பில் என் பெயரும் வந்துவிட்டது. வீட்டு வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. அரசு உதவித்தொகை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, கே.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திற்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், நீங்கள் கேட்பது வேறு, இங்கே தருவது வேறு. உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா?” என்றார். அந்த ஒரு கேள்விதான் எனக்கு வழி காட்டியது. என்னைப் போல் நீங்களும் குழம்பாமல் இருக்க, இரண்டையும் இங்கே தனித்தனியாகத் தருகிறேன்.

மாநில அரசின் உதவித்தொகை:

இது வேலை இழந்தவருக்கு உடனே தருவது அல்ல. படித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் காத்திருப்பவருக்கு உரியது. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 என 3 ஆண்டுகள் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. வயது வரம்பு 40. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. மாற்றுத் திறனாளிகளுக்கு விதிகள் தனி; தொகையும் கூடுதல்; பதிந்து ஓராண்டு ஆனாலே போதும்.

இதில் ஒன்றை மறக்காதீர்கள். பதிவை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலை கிடைத்த தைரியத்தில் நான் இதை விட்டுவிட்டேன். இப்போது வேலைவாய்ப்புத் துறையின் வெப்சைட்டிலேயே புதுப்பிக்கலாம். அலுவலகம் போக வேண்டியதில்லை.

இ.எஸ்.ஐ. தரும் நிவாரணம்:

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களிடம், இ.எஸ்.ஐ.யின் கீழ் வரும் நிறுவனங்கள் 0.75 சதவீதம் பிடிக்கின்றன. நிறுவனமும் தன் பங்காக 3.25 சதவீதம் செலுத்துகிறது. இந்தப் பணம் வைத்தியத்திற்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறோம். ஆனால் வேலை போனாலும் இதிலிருந்து உதவி உண்டு. 2018 ஜூலை 1-ல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம்தான் அது.

முதலில் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம் தந்தார்கள். கொரோனா காலத்தில், 2020-ல், இதை 50 சதவீதமாக உயர்த்தினார்கள். வாழ்நாளில் மொத்தம் 90 நாட்களுக்கு இதைப் பெறலாம். ஓர் உதாரணம்: தினச் சராசரி 500 ரூபாய் என்றால், பாதி 250 ரூபாய். 90 நாளைக்கு 22,500 ரூபாய். மூன்று மாதம் அடுப்பெரிய இது பெரிய துணை.

யாருக்குக் கிடைக்கும்?

1. வேலை போவதற்கு முன் குறைந்தது 2 ஆண்டுகள் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும்.

2. சந்தா காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என ஆறு ஆறு மாதம். வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் 78 நாட்களாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அந்த 2 ஆண்டுகளின் மற்ற மூன்று சந்தா காலங்களில் ஏதேனும் ஒன்றிலும் 78 நாட்கள் வேண்டும்.

3. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் சென்றவர் ஆகியோருக்குக் கிடையாது.

ஆலையே மூடப்பட்டு வேலை போயிருந்தால், 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தையும் விசாரியுங்கள். அதில் உதவி 24 மாதங்கள் வரை உண்டு. முதல் ஆண்டு பாதிச் சம்பளம், அடுத்த ஆண்டு கால் பங்கு.

விண்ணப்பிப்பது எப்படி?

வேலை போய் 30 நாட்கள் கழிந்த பின் விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் கையெழுத்துக்காக அலைய வேண்டாம். நேரடியாக நீங்களே தரலாம்.

முதலில் பிரவுசரைத் திறந்து இ.எஸ்.ஐ. கழகத்தின் வெப்சைட்டுக்குச் செல்லுங்கள். அரசு வெப்சைட் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். அப்படி முடியாத தளத்தில் ஆதார் எண்ணையோ வங்கி விவரத்தையோ டைப் செய்யாதீர்கள். இன்சூர்டு பெர்சன் என்ற பகுதியில் கிளிக் செய்து, அடையாள அட்டையில் உள்ள 10 இலக்க எண்ணைத் தந்து புதிய கணக்கு தொடங்குங்கள். மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

உள்ளே சென்றதும் இத்திட்டத்திற்கான லிங்க்கைத் தேர்ந்தெடுத்துப் படிவத்தை நிரப்புங்கள். ஆதார், வங்கி பாஸ் புக் முதல் பக்கம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து இணைக்க வேண்டும். ஸ்கேனர் இல்லாவிட்டால், மொபைலில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொள்ளலாம். இவற்றை ‘இஎஸ்ஐ’ என்ற ஒரே போல்டரில் சேமித்து வைத்தால் பின்னால் தேட வேண்டியிருக்காது. முடித்ததும் படிவத்தைப் பிரிண்ட் எடுத்து, விண்ணப்ப எண்ணைத் தனியே குறித்துக் கொள்ளுங்கள்.

நான் செய்த தவறு:

என் விண்ணப்பம் முதல் முறை ஏற்கப்படவில்லை. ஆதாரில் என் பெயருடன் அப்பா பெயர் முழுதாக இருந்தது. இ.எஸ்.ஐ. பதிவில் இனிஷியல் மட்டும். 6 ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. கிளை அலுவலகத்தில் ஆதார் நகலைக் கொடுத்துத் திருத்த இரண்டு வாரம் ஆனது. கையில் காசில்லாத நேரத்தில் இரண்டு வாரம் என்பது சாதாரணம் இல்லை. பிறகு மீண்டும் விண்ணப்பித்தேன். பணம் நேராக வங்கிக் கணக்கிற்கு வந்தது. மகளின் கட்டணத்தை அன்றே கட்டினேன்.

எனவே வேலையில் இருக்கும்போதே இன்று மாலை ஒருமுறை இந்தத் தளத்தில் நுழைந்து பெயர், பிறந்த தேதி, மொபைல் எண், வங்கிக் கணக்கு எல்லாம் சரியாக உள்ளனவா, சந்தா மாதாமாதம் ஏறுகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

இன்னொன்று. இத்திட்டத்திற்குக் கெடு வைத்து, அவ்வப்போது நீட்டிக்கிறார்கள். 2024-ல் அவ்வாறு 2026 ஜூன் 30 வரை நீட்டித்தார்கள். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள கெடுவை அதே வெப்சைட்டில் பார்த்துக் கொள்ளவும். இது நம் சம்பளத்தில் பிடித்த பணம். கேட்டுப் பெறுவதில் கூச்சம் எதற்கு?