நாள்தோறும் வரும் கிருபை





நமது மருத்துவமனையின் தொழுநோய்ப் பிரிவைக் குறித்து இரண்டு கேள்விகள் அடிக்கடி எங்களிடம் வருகின்றன. ஒன்று, பங்காளர்கள் கேட்பது: "தொழுநோய்க்கு மருந்து வந்துவிட்டதே, குணமானவர்கள் ஏன் வருடக்கணக்காக வந்துகொண்டே இருக்கிறார்கள்?" மற்றொன்று, நோயாளிகள் கேட்பது: "கர்த்தர் அன்புள்ளவர் என்கிறீர்கள். ஜெபித்தேன், மாத்திரையும் தவறாமல் சாப்பிட்டேன். என் விரல்கள் மட்டும் ஏன் திரும்ப வரவில்லை?" இவ்விரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம். தேவனுடைய கிருபை எப்படிப்பட்டது என்று அறிந்துகொண்டால் இரண்டும் விளங்கும்.

கிருபை என்னும் சொல்

நமது பழைய ஏற்பாட்டில் 'கிருபை' என்றும், சில இடங்களில் 'தயை' அல்லது 'தயவு' என்றும் நாம் வாசிப்பது, பெரும்பாலும் எபிரெய மொழியில் 'ஹெசெட்' என்னும் ஒரே சொல்லாகும். 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் இச்சொல் வருகிறது. இது இரக்கத்தைக் காட்டிலும் ஆழமானது. ஒருவரைக் கண்டு மனதுருகி, ஒருமுறை உதவிசெய்து கடந்துபோவதும் இரக்கந்தான். ஆனால் 'ஹெசெட்' என்பது உடன்படிக்கை செய்தவர் அந்த உடன்படிக்கையினிமித்தம் கடைசிவரை காட்டும் அன்பு. பெறுகிறவர் தகுதியானவரா, பதிலுக்கு ஏதேனும் தரக்கூடியவரா என்று அது பார்ப்பதில்லை.

புலம்பல் 3ஆம் அதிகாரம் எபிரெய அகரவரிசைப்படி, ஓர் எழுத்துக்கு மூன்று வசனமாக அமைந்தது. 22 முதல் 24 வரையுள்ள மூன்று வசனங்கள் 'ஹெத்' என்னும் எழுத்தில் தொடங்குகின்றன. முதல் வசனத்தின் தொடக்கச் சொல் கிருபை, இரண்டாவதில் புதியவை, மூன்றாவதில் பங்கு. எருசலேம் பாபிலோனியரால் அழிக்கப்பட்டு, பசியும் மரணமும் சூழ்ந்திருந்த காலத்தைப் பற்றிய நூல் இது. இதை எழுதியவர் கர்த்தருடைய கிருபையை வருடக்கணக்கில் அளக்கவில்லை. காலைதோறும் அது புதிதாக வருகிறது என்கிறார். இன்றைக்கு வேண்டியது இன்றைக்கு வருகிறது. நாளைக்கு வேண்டியது நாளைக்கு வரும்.

ராஜாவின் பந்தியில் அமர்ந்தவர்

இந்தக் கிருபையை ஒரு மனிதனின் வாழ்வில் காணவேண்டுமானால், 2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். தாவீது யோனத்தானோடு உடன்படிக்கை செய்திருந்தார். யோனத்தான் போரில் மடிந்துபோனார். வருடங்கள் கழித்து, சவுலின் வீட்டாரில் இன்னும் யாராவது உண்டா, யோனத்தானினிமித்தம் அவர்களுக்குத் தயை செய்யவேண்டுமே என்று தாவீது விசாரிக்கிறார். இந்த 13 வசனங்களில் மூன்றுமுறை 'ஹெசெட்' என்னும் சொல் வருகிறது.

யோனத்தானின் மகன் மேவிபோசேத் லோதேபாரில் ஒருவர் வீட்டில் ஒதுங்கியிருந்தார். ஐந்து வயதில், தாதி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது விழுந்து, இரண்டு கால்களும் முடமாயின. பழைய ராஜாவின் பேரன் புதிய ராஜாவின் முன்னே வந்து நிற்கும்போது பயப்படாமல் என்ன செய்வார்? தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டுப் பேசுகிறார். தாவீதோ அவருடைய பாட்டனின் நிலங்களைத் திரும்பக் கொடுத்து, நித்தமும் தம்முடைய பந்தியில் சாப்பிடச் சொல்கிறார்.

அந்த அதிகாரம் எப்படி முடிகிறது என்று கவனித்தீர்களா? மேவிபோசேத் எருசலேமில் குடியிருந்தார், எப்போதும் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டார், அவருக்கு இரண்டு கால்களும் முடமாயிருந்தன என்றே முடிகிறது. கால்கள் குணமாகவில்லை. ஆனாலும் கிருபை குறைவுபட்டது என்று வேதம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ராஜாவின் பந்தியில் அவருக்கு இடம் இருந்தது. பிற்காலத்தில் சவுலின் வீட்டாருக்கு ஆபத்து வந்தபோதும், யோனத்தானுக்கு இட்ட ஆணையினிமித்தம் தாவீது அவரைத் தப்புவித்தார் என்று 21ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

மருந்து முடிந்த பிறகு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 1981ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கு ஏற்ப 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும். 1995 முதல் இம்மருந்து உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆயினும் இன்றும் உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நம் இந்திய நாட்டினரே.

மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் கிருமி ஏற்கெனவே கெடுத்துவிட்ட நரம்புகளை அது திரும்பத் தராது. 1946ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் இந்நோயினால் தாமாகவே அழுகி விழுவதில்லை, வலி தெரியாமற்போவதால் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். உணர்ச்சியற்ற பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் கை தானாக விலகாது. வலி செய்யவேண்டிய காவலைக் கண்களே செய்யவேண்டும்.

ஆகவே குணமானவருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு வேலை உண்டு. பாதங்களைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்கவேண்டும். ஈரம் காயுமுன் எண்ணெய் தடவவேண்டும். உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்த்து, சிவந்திருக்கிறதா, கீறல் உண்டா என்று சோதிக்கவேண்டும். எம்.சி.ஆர். செருப்பு அணியாமல் வெளியே போகக்கூடாது. அது தேய்ந்தால் வேறு தரவேண்டும். புண் வந்துவிட்டால் கட்டுப்போட்டு, ஆறும்வரை காலை ஊன்றாமல் ஓய்வு கொடுக்கவேண்டும். ஒருநாள் செய்து முடித்துவிடும் காரியம் அல்ல இது. உயிரோடிருக்கும் நாளெல்லாம், காலைதோறும் புதிதாகத் தொடங்கவேண்டிய பணி. அதனால்தான் அவர்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

நம் ஆண்டவர் தம்மிடம் வந்த குஷ்டரோகியைத் தொட்டுச் சுத்தமாக்கினார் என்று மாற்கு 1ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் இன்றும் வல்லவர் என்று விசுவாசித்தே ஒவ்வொரு நாளும் வார்டில் ஜெபிக்கிறோம். ஆனால் இழந்த விரல் திரும்பாத சகோதரரிடம், "உமக்கு விசுவாசம் போதாது" என்று நாங்கள் சொல்வதில்லை. மேவிபோசேத்தின் பந்தியைக் குறித்துச் சொல்கிறோம். உயிர்த்தெழுந்த ஆண்டவரும் தம்முடைய கைகளில் காயத் தழும்புகளோடேயே சீஷருக்குத் தம்மைக் காண்பித்தார் என்று சொல்கிறோம். தழும்புள்ள கையைப் பார்த்து அவர் முகம் திருப்புகிறவர் அல்ல.

சாயங்காலமட்டும் தாங்கிய கைகள்

'ஹெசெட்' என்னும் சொல்லோடு வேதத்தில் இணைந்து வரும் இன்னொரு சொல் 'எமுனா'. உண்மை, நம்பத்தக்க உறுதி என்பது அதன் பொருள். நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் 'ஆமென்' இதே வேரிலிருந்து பிறந்தது. யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் இச்சொல் ஒரு மனிதனின் கைகளைக் குறித்து வருகிறது. அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில் மோசேயின் கைகள் அசந்துபோயின. ஆரோனும் ஊரும் அவரை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, இருபுறமும் நின்று கைகளைத் தாங்கினார்கள். அப்பொழுது சூரியன் மறையும்வரை அவர் கைகள் 'எமுனா'வாக, அதாவது உறுதியாக, நின்றன.

தேவனுடைய உண்மை யாருடைய உதவியாலும் நிற்பதில்லை. அது தானே நிற்கிறது. நம்முடைய உண்மையோ ஒருவரையொருவர் தாங்கினால்தான் சாயங்காலமட்டும் நிற்கும். செவிலியர் கை அசரும்போது உங்கள் ஜெபம் தாங்குகிறது. செருப்புக்கும் கட்டுத்துணிக்கும் பணம் குறையும்போது, மாதந்தோறும் நீங்கள் அனுப்பும் சிறு காணிக்கை தாங்குகிறது. ஓர் அறுவை சிகிச்சைக்கென்று தருவது நல்லதே. அது முடிந்தபின் வரும் நாட்களுக்கென்று தருவதும் அவ்வளவு நல்லது.

இன்னொன்றும் உங்களிடம் கேட்கிறோம். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் ஒருவர் உங்கள் சபைக்கு வந்தால், கடைசி வரிசையில் தனியே உட்காரவிடாதீர்கள். அவரிடமிருந்து நோய் பரவும் என்று அஞ்சவேண்டியதில்லை. திருவிருந்தில் உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள். நம்மில் ஒருவரும் தகுதியினால் அந்தப் பந்திக்கு வந்தவர் அல்லவே.

ஜெபக் குறிப்புகள்

1. உணர்ச்சியற்ற கைகால்களோடு வாழும் சகோதர சகோதரிகள் மனஞ்சோராமல் தங்களைப் பேணிக்கொள்ள ஜெபியுங்கள்.

2. தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், நரம்பு கெடுமுன்னே சிகிச்சைக்கு வர ஜெபியுங்கள்.

3. நாள்தோறும் கட்டுப்போடும் செவிலியருக்காகவும் செருப்புத் தைக்கும் ஊழியருக்காகவும் ஜெபியுங்கள்.

 உடன்படிக்கையைக் காக்கிற தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காலைதோறும் தம்முடைய கிருபையினால் திருப்தியாக்குவாராக. ஆமென்.